புதுப்பிப்பு: வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்த விவகாரம் (தக்கலை)

வாடகையை வாங்காமலேயே, பாக்கி என்று சொல்லிக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, வாடகையைத் தபாலில் மணியார்டராக வீட்டுக்காரருக்கு அனுப்பும் யோசனைதான். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பிரிவு 14: தொடர்ந்து 2 மாதம் அப்படி அனுப்பியும் வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டலாம். மணியார்டரின் செய்திப் பகுதியில் எந்த மாத வாடகை, கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் குறித்துத் திருப்பிய படிவத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பணம் கட்ட அனுமதி கேட்டு வாடகை அதிகாரியிடம் போடும் மனுவே அதன் மேல்தான் நிற்கிறது. எங்கள் பத்மநாபபுரம் கோட்டத்தில் என் மனுவை ஏற்று, பணம் கட்ட அனுமதித்தார்கள்.

எதிர்பாராத ஒன்று: ஜிபேயில் போட்ட வாடகையை வீட்டுக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வங்கிப் பதிவும் மறுப்புக்குச் சான்றானது.

மனு போட்டாயிற்றே என்று அடுத்த மாத வாடகையை விட்டுவிடாதீர்கள். 2 மாதப் பாக்கி சேர்ந்தால் வெளியேற்றக் கேட்க அதுவே காரணமாகும். இச்சட்டம் நகர்ப்பகுதிகளுக்கானது, ஊராட்சிப் பகுதி வீடென்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.