உதவி: பிராக்அட்டாக்ஸ் திருத்தம் 5.10 கேர்னலில் ஒட்டவில்லை

உப்புவெளி_தம்பி:
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் அண்ணா ஆறு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் ஹோஸ்ட்ஏபிடியும் போட்டு, அதையே வைஃபை அக்சஸ் பொயின்டாக நான்தான் ஓட்டுகிறேன். உள்ளே ஏடிஎச்9கே டிரைவரில் ஓடும் கார்ட் ஒன்று. கடல் பக்க இரண்டு அறைகளுக்காக ஒரு யூஎஸ்பி டொங்கிளும் இருக்கிறது. கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நானே கம்பைல் செய்த 5.10.30.

2021 மே மாதம் பாதுகாப்பு ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்ட பிராக்அட்டாக்ஸ் என்ற வைஃபை பாதுகாப்பு ஓட்டைகள் இதில் அடைபடவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். தங்க வருகிறவர்கள் வங்கிக் கணக்கைக்கூட இந்த வைஃபையில்தான் திறக்கிறார்கள். அப்படியே விட மனம் வரவில்லை. அவற்றில் ஒன்றான சிவிஇ-2020-24586க்கு (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்) உரிய திருத்தத்தை மட்டும் எடுத்து ஒட்டினேன். கேர்னலின் வைஃபைப் பகுதியான மக்80211இன் ஆர்எக்ஸ்.சி கோப்பில் பாதிதான் ஏறியது. மீதியைக் கையால் சேர்த்துக் கம்பைல் செய்தால், ஃபிராக்மென்ட் கேஷ் (வந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம்) என்ற ஸ்ட்ரக்ட்டே (தரவு அமைப்பே) இல்லை என்று நிற்கிறது. எங்கே பிழை விட்டேன்?

கேர்னல்_மாமா:
தம்பி, அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. லினக்ஸ் வைஃபை நிரலாளர் யொஹான்னஸ் பேர்க், வான்ஹூஃப் ஆகியோரின் திருத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் தொடர்.

பெரிய ஃபிரேமை (வைஃபையில் போகும் தரவுப் பொதியை)த் துண்டாக்கி அனுப்பும்போது, எல்லாத் துண்டும் ஒரே சாவியால் பூட்டப்பட்டதா என்று பார்க்கும்படி வைஃபை தரநிலை கேட்கவே இல்லை. அதுதான் சிவிஇ-2020-24587. ஒரு கருவி விலகித் திரும்பச் சேரும்போது பழைய துண்டுகளை நினைவகத்திலிருந்து அழிக்கவும் சொல்லவில்லை. உங்களுடைய 24586 அது. முதலில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு 'நிறம்' கொடுத்து, வேறு நிறத் துண்டுகள் ஒட்டாதபடி செய்தார்கள். இரண்டு கருவிகள் ஒரே வரிசை எண்ணைப் பயன்படுத்தினால் அதிலும் சிக்கல் வந்தது. ஆகவே பின்னால் வந்த பேட்ச், கருவிக்கொரு தனி ஃபிராக்மென்ட் கேஷ் வைத்தது. கருவி விலகினால் அதன் கேஷும் கூடவே போய்விடும். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நீங்கள் தேடும் ஸ்ட்ரக்ட் அங்கேதான் வருகிறது.

கையால் ஒட்ட வேண்டாம். 5.10.42இலேயே முழுத் தொடரும் உண்டு. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பை எடுத்து, பழைய கொன்பிக் கோப்பை (கேர்னல் அமைப்புகள் உள்ள கோப்பை) வைத்து மேக் ஓல்ட்கொன்பிக் ஓட விடுங்கள்.

மூதூர்_நெட்:
மாமா சொன்னது சரி, ஆனால் டொங்கிளை மறந்துவிடாதீர்கள். அதன் டிரைவரை வெளியிலிருந்து எடுத்துத் தனியாகக் கம்பைல் செய்தீர்களா? அப்படிப்பட்ட சில டிரைவர்கள் மக்80211ஐத் தொடுவதே இல்லை, துண்டு சேர்க்கும் வேலையைத் தாங்களே செய்கின்றன. அங்கே கேர்னலைப் புதுப்பித்தும் பயனில்லை. எல்எஸ்மொட் (ஏற்றப்பட்ட டிரைவர்களைக் காட்டும் கட்டளை) அடித்து, மக்80211 வரியில் எந்த டிரைவர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: ஹோஸ்ட்ஏபிடியில் டீகிப் (பழைய, பலவீனமான குறியாக்க முறை) இருந்தால் எடுத்துவிட்டு, அதைவிடப் பலமான சிசிஎம்பி மட்டும் வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு பக்கமும் தான் பெறுவதைத்தான் சரிபார்க்கும். நீங்கள் அடைப்பது உங்கள் பக்கத்தை மட்டும். வருகிறவர்களின் போனும் அப்டேட் ஆகியிருக்க வேண்டும். அந்த வரியை வைஃபை கடவுச்சொல் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

உப்புவெளி_தம்பி:
இருவருக்கும் மிக்க நன்றி. 5.10இன் கடைசிப் பதிப்பு ஒரே தடவையில் பூட் ஆனது, கார்டும் உடனே எழுந்தது. மூதூர் அண்ணா சந்தேகப்பட்டது போலவே மக்80211 வரியில் ஏடிஎச்9கே மட்டும்தான், டொங்கிள் இல்லை. கழற்றிவிட்டேன். டீகிப்பை எடுத்ததும் அண்ணாவின் பழைய போன் ஒன்று மட்டும் சேர மறுத்தது, அவர் ஒத்துக்கொண்டார்.

கடல் பக்க அறைகளில் இப்போது சிக்னல் குறைவு. அங்கே கேபிள் இழுத்து, அதே வகைக் கார்ட் போட்ட இன்னொரு பழைய கணினி வைக்கப் போகிறேன். மே மாதம் சீசன் தொடங்கும் முன் முடித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.