முயல் நலம், வீட்டில் இருவர் படுக்கையில்

ராகலை முயற்கூடு:
லயத்துக்குப் பின்னால் 12 முயல்கள் வளர்க்கிறேன். தீனி கோவா இலை, கரட் தழை, புல் மட்டும். ஞாயிறன்று ஒன்றை அறுத்தேன். கத்தி சறுக்கிக் குடல் கிழிந்து, பச்சைக் குழம்பாகப் பலகையில் ஒழுகியது. துணியால் துடைத்துவிட்டு, அதே பலகையில் வெங்காயம் நறுக்கிச் சம்பல் போட்டேன். புதனன்று மாமாவுக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம். முயல் கறியைத் தொடாத என் மனைவிக்கும் அதே கதி. கம்பைலோபெக்டர் என்ற குடல் கிருமியாக இருக்கலாம் என்கிறார் வைத்தியர். கறியோ ஒரு மணிநேரம் கொதித்தது. கூட்டில் ஒரு முயலும் கழியவில்லை. சொதிக்குப் பிழிந்த தேங்காய்ப்பால்தான் காரணம் என்கிறார் மாமி. புல் தின்னும் பிராணியிடமிருந்து இது வருமா?

பழைய கால்நடை உத்தியோகத்தர்:
வரும், தம்பி. உங்கள் மனைவி கறியைத் தொடவில்லை என்கிறீர்களே, அங்கேயே விடை இருக்கிறது. சம்பல்தான். இந்தக் கிருமி முயலின் குடலில் அதற்கு ஒரு நோவும் தராமல் குடியிருக்கும். 2009இல் இத்தாலியில் பண்ணை முயல்களின் குடலிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இனத்துக்குக் கம்பைலோபெக்டர் குனிகுலோரம் என்றே பெயர் வைத்தார்கள். கறியில் இருந்த கிருமியைக் கொதி கொன்றுவிட்டது, 70 பாகைச் சூடே அதற்குப் போதும். வெங்காயம் அடுப்பையே பார்க்கவில்லை. சில நூறு கிருமிகள் உள்ளே போனாலும் 2 முதல் 5 நாளில் ஆளைச் சாய்க்கும். உங்கள் புதன்கிழமை கணக்குக்குச் சரியாக வருகிறது. இருவருக்கும் ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துக் கொடுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் மீண்டும் வைத்தியரிடம் போங்கள்.

பண்டாரவளை வாசி:
கூட்டுக்கே மருந்து கொடுத்தால் என்ன? மகனுக்கு வாங்கியதில் மீந்த அமொக்சிசிலின் இருக்கிறது.

பழைய கால்நடை உத்தியோகத்தர்:
ஐயோ, வேண்டாம்! வாய்வழியாகக் கொடுத்தால் அது முயலின் நல்ல கிருமிகளை அழித்து, நச்சுக் கிருமிக்கு இடம்விடும். கழிந்தே செத்துவிடும். கம்பித் தளம் போட்டாலும் தொற்று அறாது. முயல் தன் மென்புழுக்கையைக் கீழே விழுமுன் குதத்திலிருந்து வாயாலேயே நேராக எடுத்துத் தின்னும் பிராணி. கவனம் அறுக்கும் இடத்தில் வேண்டும். முந்திய இரவு தீனி வைக்காதீர்கள், தண்ணீர் போதும். குடலை முழுதாக எடுங்கள். இறைச்சிக்கு ஒரு பலகை, மரக்கறிக்கு வேறு பலகை.

ராகலை முயற்கூடு:
பலகையை அடுப்பில் வைத்துவிட்டேன். வெட்டுத் தழும்புகளில் பச்சை இன்னும் இருந்தது. மாமி தேங்காய்ப்பாலை விடுவதாக இல்லை. அந்தத் தேங்காயை வாங்கி வந்தவனும் நான்தான்.