ழான் லூயி த்ரந்தின்யான்: இவர் நடிப்பில் அப்படி என்ன இருக்கிறது?

தாழ்வாரம் கேட்டது:

வணக்கம். மிக்கேல் ஹனேகேயின் 'ஆமூர்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியாக எம்மானுவேல் ரிவா நடித்ததைப் பற்றிக் கேள்வியே இல்லை, பார்க்கப் பார்க்க நெஞ்சை அடைத்தது. எனக்குப் பிடிபடாதது கணவராக வரும் ழான் லூயி த்ரந்தின்யான். மெதுவாக நடக்கிறார், நாற்காலியில் உட்காருகிறார், மனைவியைத் தூக்கி நிறுத்துகிறார், ஊட்டிவிடுகிறார். எங்கேயும் உடைந்து அழவில்லை, முகத்தில் பெரிதாக எதுவும் ஓடவில்லை. தேடிப் பார்த்தால் பிரெஞ்சு சினிமாவின் பெரிய நடிகர்களில் ஒருவர் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. படம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதற்கு அவரும் ஒரு காரணம் என்று தெரிகிறது, எப்படி என்றுதான் புரியவில்லை. மற்ற படங்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஆள் எப்படிப்பட்டவர்?

ரயிலடி எழுதியது:

எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் கேட்கிற விதம் இருக்கிறதே, அதுதான் இவருடைய நடிப்பு. முதலில் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், அது தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும்.

1930 டிசம்பரில் தென் பிரான்ஸில் பியோலான்க் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கார் பந்தயக் குடும்பம். ஒரு சித்தப்பா பந்தயப் பயிற்சியிலேயே 1933இல் இறந்துபோனார், இன்னொருவரான மொரீஸ் த்ரந்தின்யான் 1955, 1958 இரண்டு வருடமும் மொனாகோ கிராண்ட் பிரீயில் ஜெயித்தவர். இவரோ சட்டம் படிக்கப் போனார். ஷார்ல் துய்லன் என்ற பெரிய மேடை நடிகர் மோலியேர் நாடகத்தில் கஞ்சனாக நடித்ததைப் பார்த்துவிட்டு, சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். பயங்கரமான கூச்ச சுபாவம், போதாததற்குத் தெற்கத்திப் பேச்சு வேறு. அந்த உச்சரிப்பை உழைத்து மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1956இல் ரோஜே வதீம் படத்தில் பிரிஜித் பார்தோவின் கணவராக நடித்தார், படம் உலகம் முழுக்கப் பரபரப்பானது, இவரும் பார்தோவும் காதலிக்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் துரத்தினார்கள். அதே வேகத்தில் கட்டாய ராணுவ சேவை வந்துவிட்டது. அல்ஜீரியப் போர் நடந்த காலம். அந்த வருடங்கள் அவரை நிறையவே கசக்கிப் போட்டன, திரும்பி வந்தபோது சினிமாவை விட்டுவிடலாமா என்ற யோசனைகூட இருந்தது.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இரண்டு படங்கள். ஒன்று இத்தாலியப் படம், 1962இல் தீனோ ரீசி எடுத்த 'இல் சொர்பாஸோ'. ஆகஸ்ட் 15 விடுமுறை, ரோம் நகரமே காலி, சட்டம் படிக்கும் ஒரு பயந்த சுபாவப் பையன் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். ஒரு போன் பேசிவிட்டுப் போகிறேன் என்று மேலே வருகிற வித்தோரியோ காஸ்மன் அவனைத் தன் லான்சியா காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். காஸ்மன் படம் முழுக்கப் பேசுகிறார், பாடுகிறார், ஆடுகிறார், ஹாரன் அடிக்கிறார். த்ரந்தின்யான் பக்கத்து சீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் காஸ்மனை நாம் முதலில் வெறுத்து, பிறகு ரசித்து, கடைசியில் பயப்படுவது எல்லாமே இந்தப் பையனின் கண் வழியாகத்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒரு கட்டத்தில் அவனுக்கே வேகம் பிடித்துப்போகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று 'ஸெட்', 1969, கோஸ்தா காவ்ராஸ். கிரேக்கத்தில் 1963இல் எம்.பி. லாம்பிராகிஸ் கொல்லப்பட்ட வழக்கு. இவர் அதில் விசாரணை நீதிபதி. வெகுநேரம் கழித்துத்தான் கதைக்குள்ளேயே வருகிறார். நிறக் கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணும் சரியாகத் தெரியாது. யார் பக்கம் என்று ஊகிக்கவே முடியாத முகம். பதக்கம் குத்திய ராணுவ, போலீஸ் அதிகாரிகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்காரும்போது, பெயர், தொழில் என்று ஒரே குரலில் கேட்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை. நேர்மை என்பதை இவ்வளவு குறைவாகச் செய்து காட்டிய நடிகரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்தச் சின்ன பாத்திரத்துக்கு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். அந்த நீதிபதிக்கு மாதிரியாக இருந்த சார்ட்ஸெடாகிஸ் 1985இல் கிரேக்கத்தின் ஜனாதிபதியே ஆனார்.

கூடலூர்க்காரி எழுதியது:

ரயிலடி சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கேட்கிறவர், அமைதியானவர் என்று மட்டும் சொன்னால் 'தி கன்ஃபார்மிஸ்ட்' எங்கே போகும்? 1970இல் பெர்த்தோலூச்சி எடுத்தது, மொராவியாவின் நாவல். முசோலினி காலத்தில், எல்லோரையும் போல இருந்துவிட வேண்டும் என்ற வெறியில் ஃபாசிஸ்ட் உளவுத்துறையில் சேர்ந்து, தன் பழைய பேராசிரியரையே கொல்ல ஒத்துக்கொள்ளும் ஒருவன். அதில் அவர் உடம்பு ஒரு நிமிடம் சும்மா இருக்காது. தொப்பியைச் சரிசெய்வார், சட்டென்று விறைப்பாக நடப்பார், தலையைக் குலுக்குவார், துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னென்னவோ சைகை காட்டுவார். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒருவன், இருப்பதுபோல் காட்டிக்கொள்ளப் படுகிற பாடு அது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பனிக்காட்டுக் காட்சி. பேராசிரியரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அவர் மனைவி, இவன் ஆசைப்பட்ட பெண், ஓடிவந்து காரின் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டிக் கத்துகிறாள். பின் சீட்டில் இவன். நடுவில் கண்ணாடி மட்டும். கதவைத் திறக்க மாட்டான், முகத்தைத் திருப்பவும் மாட்டான், பார்த்துக்கொண்டே இருப்பான். படம் முழுக்க அலைந்த உடம்பு அங்கே முதல் முறையாக நிற்கிறது. தாழ்வாரம், நீங்கள் தேடுகிற பதில் எனக்கு அந்தக் காட்சியில்தான் கிடைத்தது. அசையாமல் இருப்பது அவருக்கு ஒரு சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்.

'ஆமூர்' படத்திலேயே பாருங்களேன். மனைவி தண்ணீர் குடிக்க மறுத்து வாயில் இருந்ததைத் துப்பிவிடுகிறார், இவர் கன்னத்தில் ஓர் அறை விடுகிறார். அதுவரை அவ்வளவு பொறுமையாக இருந்தவர். அந்த அறை நம் மேல் விழுந்த மாதிரி இருக்கிறதென்றால், முன்னால் அத்தனை நேரம் அவர் அடக்கி வைத்திருந்ததால்தானே?

நிலாமுற்றம் எழுதியது:

குரலை ஏன் யாரும் சொல்லவில்லை? ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கிசுகிசுப்பாக, சற்றே கரகரப்பாக, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழும். 'தி ஷைனிங்' படத்தின் பிரெஞ்சு வடிவத்தில் ஜாக் நிக்கல்சனுக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு, 1968இல் கொர்பூச்சி எடுத்த பனிமலை வெஸ்டர்னில் ஒரு வார்த்தை பேசாத ஊமை வீரனாக நடித்திருக்கிறார்.

குரலுக்காக நான் சொல்வது கீஸ்லோவ்ஸ்கியின் 'ரெட்', 1994. ஜெனீவாவில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற நீதிபதி, அக்கம்பக்கத்தார் போன் பேச்சை ஒட்டுக்கேட்பதே வேலை. ஐரீன் ஜாக்கோப் அவருடைய நாயைக் காரில் இடித்துவிட்டுச் சொல்ல வருகிறாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறார். மனிதர்கள் மேல் மொத்தமாக நம்பிக்கை போன அந்தக் குரலில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறுவதைக் காதாலேயே கேட்கலாம்.

ரயிலடி எழுதியது:

கூடலூர்க்காரி சொன்ன கார் காட்சியை ஒத்துக்கொள்கிறேன், நான் அந்தப் படத்தை விட்டிருக்கக் கூடாது. அந்தப் படப்பிடிப்புக்காக ரோமில் இருந்தபோதுதான் அவருடைய கைக்குழந்தை போலின் இறந்துபோனாள். ஆள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள், இதையும் சொல்ல வேண்டும். மூத்த மகள் மரீயும் நடிகை, அப்பாவுக்கு மிக நெருக்கம், இருவரும் சேர்ந்து மேடையில் அப்பொலினேர் கவிதைகளை வாசித்திருக்கிறார்கள். 2003இல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில், அம்மா நதீன் இயக்கிய தொலைக்காட்சிப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, உடன் வாழ்ந்த பாடகர் அடித்ததில் நினைவிழந்து சில நாட்களில் இறந்தாள். 41 வயது. அதற்குப் பிறகு த்ரந்தின்யான் சினிமாவிலிருந்து ஒதுங்கிவிட்டார். தென் பிரான்ஸில் உஸேஸ் பக்கம் கிராமத்தில் இருந்துகொண்டு, மேடையில் பிரெவேர், போரிஸ் வியான், தெஸ்னோஸ் கவிதைகளை வாசிப்பது மட்டும் தொடர்ந்தது.

அப்படி இருந்தவரை மனதில் வைத்து ஹனேகே கதையை எழுதி, கூப்பிட்டு, 80 வயதுக்கு மேல் நடிக்க வைத்த படம்தான் நீங்கள் பார்த்தது. அது கான் விழாவின் முதல் பரிசான தங்கப்பனை விருதை வாங்கியது, ஆஸ்கரும் வாங்கியது. பிரெஞ்சு சினிமாவின் தேசிய விருதான சேசார் அவருக்குக் கிடைத்ததும் 2013இல் அந்தப் படத்துக்குத்தான், அத்தனை வருட நடிப்பில் முதல் முறையாக. 2022 ஜூன் 17 அன்று 91 வயதில் காலமானார். அவர் அழவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் சொந்த துக்கத்தைத்தான் அங்கே காட்டினார் என்று சொல்வது அவருடைய தொழிலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1962லேயே இதே கட்டுப்பாடு இருந்தது.

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த அறை விழும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அடித்த அடுத்த நொடி அவர் முகம் போகிற போக்கை முதல் தடவை கவனிக்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 'இல் சொர்பாஸோ' கிடைத்துவிட்டது, அதில் ஆரம்பிக்கிறேன். எரிக் ரோமர் படம் ஒன்றும் இருக்கிறதாமே, அது எப்படி?

கூடலூர்க்காரி எழுதியது:

'மை நைட் அட் மாட்ஸ்', 1969. கறுப்பு வெள்ளை, கிளெர்மோன் ஃபெரான் நகரம், கிறிஸ்துமஸ் பனி. அந்தப் பருவத்தில் இவர் கால்ஷீட் கிடைக்கவில்லை என்று ரோமர் ஒரு வருடம் படத்தையே தள்ளிப்போட்டார். கத்தோலிக்க எஞ்சினியர் ஒருவர் ஒரு பெண்ணின் வீட்டில் இரவு தங்க நேர்ந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு தத்துவஞானி பாஸ்கலைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் விடிய விடியப் பேசுகிறார். முழுக்க முழுக்கப் பேச்சு, சப்டைட்டிலோடு ஓட வேண்டியிருக்கும். அலுப்பாக இருக்கும் நாளில் போடாதீர்கள். முதலில் 'இல் சொர்பாஸோ', அப்புறம் 'ஸெட்', பிறகு இது. 'தி கன்ஃபார்மிஸ்ட்' மட்டும் போனில் பார்க்க வேண்டாம், ஸ்தொராரோவின் ஒளிப்பதிவுக்குக் கொஞ்சமாவது பெரிய திரை வேண்டும்.