காகிதக்கூழ் கூடை: வெளியே விரிசல், உள்ளே பூசணம். எங்கே தப்பு?

மொட்டைமாடி (சத்துவாச்சாரி, வேலூர்):
பையனின் போன வருடத்து நோட்டுகள் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டன. எடைக்குப் போட மனசு வரவில்லை. எங்கள் ஆயா காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்வார். நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அது உழைத்தது. பக்குவம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான் இரண்டு நாள் ஊறவைத்து மிக்சியில் அடித்தேன். வெந்தயத்துக்குப் பதில் மைதா பசை. எவர்சில்வர் குடத்தின்மேல் கட்டைவிரல் தடிமனுக்கு அப்பி, காலை பத்து மணிக்கே மாடியில் வைத்தேன். வேலூர் வெயிலாச்சே, ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று நினைப்பு. சாயங்காலம் விளிம்பில் நான்கு விரிசல். ராத்திரி தூறல் வருமோ என்று பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் நெம்பி எடுத்தால் உள்பக்கம் ஈரம், கறுப்புப் பூசணம், புளித்த வாடை. இரண்டாவது கூடையும் அப்படியே. காப்பாற்ற முடியுமா?

குடியாத்தத்து அக்கா:
வெயிலை நம்பித்தான் கெட்டீர்கள் தம்பி. காகிதக்கூழ் காயக் காயச் சுருங்கும். உள்ளே இருக்கும் குடம் சுருங்காது. அப்புறம் கூடை வெடிக்காமல் என்ன செய்யும்? மேல்பக்கம் மட்டும் சுள்ளென்று காய, எவர்சில்வரை ஒட்டிய பக்கத்து ஈரத்துக்குப் போக வழியே இல்லை. அதற்குமேல் பிளாஸ்டிக் கவர் வேறு!

மண்பானை இருந்தால் அதைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும். பழைய வேட்டித் துணியை நனைத்து அதன்மேல் போர்த்திவிட்டு அப்பினால் ஒட்டாது. கூழைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிய வேண்டும். தடிமன் அரை விரல் போதும், எல்லா இடமும் ஒரே அளவாக. முதல் நாள் நிழல். தொட்டால் குழியாத பதம் வந்ததும் பானையிலிருந்து கழற்றி, மறுநாள் இளவெயிலில் வையுங்கள், உள்பக்கமும் காயட்டும். நான் ஒரு கிலோ காகிதத்துக்கு 100 கிராம் வெந்தயம் போடுவேன். ராத்திரி ஊறவைத்து வழுவழுவென்று அரைக்க வேண்டும்.

ஆற்காட்டுக்காரன்:
ஒரு கை கல்லுப்பு போட்டால் பூசணம் வராதே?

பைண்டிங் கடை:
வேண்டாம் சார். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில் கூடை பிசுபிசுக்கும். நாங்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்போம், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். சாமான் வைக்கிற கூடைக்கு ஆகவே ஆகாது.

நோட்டின் பின்னை எல்லாம் பிடுங்கிவிட்டீர்களா? மிக்சி பிளேடு பாவம். வழவழப்பான காலண்டர் தாளையும் சேர்க்காதீர்கள். அதன்மேல் களிமண் பூச்சு இருக்கும், கூழ் சரியாகப் பிடிக்காது.

மொட்டைமாடி:
பின் பிடுங்கியாச்சு. காலண்டர் தாள்தான் கொஞ்சம் கலந்தேன், பளபளப்பு வரும் என்று! கெட்டுப்போன இரண்டையும் திரும்ப ஊறவைக்கலாமா?

குடியாத்தத்து அக்கா:
பூசணம் உள்ளே இறங்கியதைத் தொடாதீர்கள், வாடை போகாது. வெறும் விரிசல் என்றால் ஓரங்களை நனைத்து, தளர்ந்த கூழை வைத்துத் தேய்த்தால் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, முறுக்கு, வடையை அதில் நேராகப் போடாதீர்கள். நோட்டு மையும் வாயில் போகிற சமாசாரம் இல்லை. செய்தித்தாளில் பலகாரம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. பூண்டு, வெங்காயம் என்று தோலோடு இருப்பதைப் போடுங்கள்.

மொட்டைமாடி (பத்து நாள் கழித்து):
மூன்றாவது வந்துவிட்டது அக்கா! துணியோடு அப்படியே கழன்றது. நான்கு நாள் காய்ந்ததும் தட்டினால் டக் டக் என்று சத்தம். ஒரு பக்கம் கோணல். வெங்காயத்துக்குத்தான் செய்தேன்; பையன் கிரிக்கெட் பந்து போட எடுத்துப் போய்விட்டான். நாளைக்கு நாலாவதுக்கு வெந்தயம் ஊறவைக்க வேண்டும்.