கஸ்ஸாலியின் ‘ஒற்றையா, இரட்டையா’ வாதம்: ஒரு முடிச்சில் நிற்கிறேன், உதவுங்கள்

பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா என்ற விவாதத்தைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

இமாம் கஸ்ஸாலி 1095-இல் முடித்த, தத்துவவாதிகளை மறுக்கும் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முதல் விவாதம், உலகம் அநாதி (தொடக்கமற்றது) என்ற அவர்களின் கொள்கைக்கு எதிரானது. சூரியன் ஆண்டுக்கு ஒரு சுற்று, சனி 30 ஆண்டுக்கு ஒன்று. உலகம் அநாதியானால் இரண்டின் சுற்றுகளும் முடிவற்றவை. அப்படியிருக்க, ஒன்று மற்றதில் முப்பதில் ஒரு பங்காக இருப்பது எப்படி? அந்த எண்ணிக்கை ஒற்றையா, இரட்டையா? எதைச் சொன்னாலும் முரண் என்பது அவர் வாதம்.

கஸ்ஸாலிக்குப் பதில் நூல் எழுதிய பிற்காலத் தத்துவவாதி இப்னு ருஷ்தின் மறுப்பைப் படித்துவிட்டேன். கடந்துபோன சுற்றுகள் இப்போது இல்லை, அதனால் அவை முழுத்தொகை ஆகாது, ஒற்றை இரட்டை என்ற பேச்சே எழாது என்கிறார். சரி, சுற்றுகளுக்கு அது போதும்.

ஆனால் கஸ்ஸாலி அங்கே நிற்கவில்லை. இறந்தவர்களின் ஆன்மாக்கள் தனித்தனியாக நிலைத்திருக்கின்றன என்பது, கஸ்ஸாலி மறுக்கும் தத்துவவாதிகளில் முதன்மையானவரான இப்னு சீனாவின் கொள்கை. மனிதர்கள் தொடக்கமில்லாமல் பிறந்து வந்திருந்தால், எண்ணற்ற ஆன்மாக்கள் இந்த நொடியே ஒருசேர இருக்கின்றன! எனக்கு இதுதான் அவருடைய கூர்மையான அடி.

ஒன்றையொன்று சார்ந்த வரிசை இருந்தால்தான் முடிவிலி கூடாது, ஆன்மாக்களுக்கு அப்படி வரிசை இல்லை என்ற இப்னு சீனாவின் விளக்கத்தையும் பொருத்திப் பார்த்தேன். ஒற்றை இரட்டைக் கேள்வி அப்படியே நிற்கிறது. முடிவற்ற தொகைகளைக் கையாளும் காண்டோரின் கணக் கோட்பாடு (கணிதத்தின் set theory) வழி கொடுக்கிறது, ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டு. எனக்கு அந்தக் காலத்துப் பதில் வேண்டும். அரபி மெதுவாகத்தான் படிப்பேன், ஆனாலும் மூலம் பரவாயில்லை.

ஆன்மாக்களின் எண்ணிக்கை குறித்த இந்தக் கேள்விக்கு இப்னு சீனா மரபில் வந்த யாராவது நேரடியாகப் பதில் எழுதியிருக்கிறார்களா, எந்த நூலில்?