உருளைக்கிழங்குச் சோதனையில் கரைசல் மட்டம் ஏறவே இல்லை, ஏன்?

காரைக்குடி அம்மா:
மகள் பதினொன்றாம் வகுப்பு. சவ்வூடு பரவலுக்கான (கரைந்த பொருள் குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வு வழியாக நகர்வது) உருளைக்கிழங்குச் சோதனையை நாளை மறுநாள் வகுப்பில் செய்துகாட்ட வேண்டும். நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தோம். கிழங்கைத் தோல் சீவி, நடுவில் குடைந்து, 100 மில்லிக்கு 20 கிராம் கணக்கில் கரைத்த சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினோம். நிறம் தெரியட்டும் என்று கொஞ்சம் பீட்ரூட் சாறு. மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம். மூன்று மணி நேரம் ஆகியும் மட்டம் ஊசியைத் தாண்டவில்லை. வெளித் தண்ணீர்தான் சிவந்துவிட்டது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனாலா? வளவில் பிடித்த மழைத் தண்ணீர் அண்டாவில் இருக்கிறது, அதை எடுக்கட்டுமா?

தேவகோட்டை டீச்சர்:
ஆச்சி, கிழங்கு பச்சையா, வேகவைத்ததா? வெளித் தண்ணீர் சிவந்தது என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

காரைக்குடி அம்மா:
பச்சையாகக் குடையும்போது கத்தி வழுக்கியது. அரை வேக்காடு வைத்துத்தான் குடைந்தோம்.

தேவகோட்டை டீச்சர்:
அதுதான் காரணம். கிழங்கின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அது தண்ணீரைச் சுலபமாக விடும், சர்க்கரையை எளிதில் விடாது. அந்தப் பாகுபாடு இருப்பதால்தான் வெளித் தண்ணீர் கரைசலை நோக்கி வருகிறது. வேகவைத்ததும் சவ்வு குலைந்துவிடும். அப்புறம் சர்க்கரையும் சாயமும் தாராளமாக வெளியேறும், மட்டம் எப்படி ஏறும்?
தண்ணீர் மேல் பழி இல்லை. லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலும், உங்கள் கரைசலில் கரைந்துள்ள துகள்கள் அதைப்போல எட்டு மடங்கு. மழைத் தண்ணீர் இன்னும் நல்லதுதான், ஆனால் கிழங்கு பச்சையாக இருக்க வேண்டும். ஸ்பூனின் விளிம்பால் சுரண்டிக் குடையுங்கள். அடியில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டனூர் வாசகன்:
சவ்வு கொழுப்பால் ஆனது, பிறகு தண்ணீர் எப்படி அவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று பாப்பா கேட்டால்: சவ்வில் தண்ணீருக்கென்றே புரதக் குழாய்கள் உண்டு, அக்வாபோரின் என்று பெயர். அதைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

காரைக்குடி அம்மா:
ரொம்ப நன்றி. பச்சைக் கிழங்கில் மறுபடி வைத்திருக்கிறோம். அதற்குள் மகள் ஒன்று கேட்கிறாள்: ஆயா போட்ட மாவடுவில் உப்பு உள்ளே வரை இறங்கியிருக்கிறதே, சவ்வு விடாது என்றால் எப்படி?

தேவகோட்டை டீச்சர்:
அருமையான கேள்வி. ஜாடியை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல் உப்பு போட்ட மறுநாள் வடு சுருங்கி, அடியில் தண்ணீர் விட்டு நிற்கும். அப்போது பெரும்பாலான செல்களுக்கு உயிர் இருக்கிறது, தண்ணீர் மட்டும் வெளியே வருகிறது. நாள் ஆக ஆக உப்பின் கடுமை தாங்காமல் செல்கள் செத்துவிடும். காவல் போன பிறகுதான் உப்பு உள்ளே முழுக்க இறங்குகிறது. அடுப்பில் கிழங்குக்குச் சில நிமிடத்தில் நடந்தது, ஜாடியில் பல நாள் எடுத்து நடக்கிறது.

காரைக்குடி அம்மா:
இப்போதுதான் பார்த்தோம். இரண்டரை மணி நேரத்தில் குண்டூசி கரைசலுக்குள் முங்கிவிட்டது. வெளித் தண்ணீரில் அந்தச் சிவப்பும் இல்லை. வேகவைத்த கிழங்கையும் பக்கத்தில் வைத்தே வகுப்பில் காட்டப்போகிறாளாம்.