மான் இறைச்சிச் சில்லியை ஆட்டிறைச்சியில் செய்யிறது எப்படி? இறைச்சி, தூள், பீன்ஸ் மூண்டும் பிழைக்குது

நல்லூரடி:

வணக்கம். கனடாவில செய்யிற மான் சில்லியின்ட (மிளகாய் போட்டு அவிக்கிற தடிச்ச இறைச்சிக் குழம்பு) செய்முறை ஒண்டு இருக்கு. 2 இறாத்தல் அரைச்ச மான் இறைச்சி, 3 மேசைக்கரண்டி சில்லி பவுடர், 2 தகரம் சிவப்பு பீன்ஸ், 1 தகரம் தக்காளி. யாழ்ப்பாணத்தில மானுக்கு எங்க போறது, அதால ஆட்டிறைச்சியும் எங்கட மிளகாய்த்தூளும் காய்ஞ்ச பீன்ஸும் போட்டுச் செய்தது. இறைச்சி சாம்பல் நிறமாய் அவிஞ்சு மணல் மாதிரி வந்திட்டுது. மணமெல்லாம் இறைச்சிக்கறி மணம், உறைப்பும் தாங்கேலாது. பீன்ஸ் மூண்டு மணித்தியாலம் அவிச்சும் கல்லு. எங்க பிழை? 7 பேருக்கு அளவோட சொன்னால் உதவியாய் இருக்கும்.

தாச்சிக்காரி:

முதல் தூள். செய்முறையில இருக்கிற சில்லி பவுடர் தனி மிளகாய்த்தூள் இல்லை. உறைப்புக் குறைஞ்ச மிளகாயோட நற்சீரகம், உள்ளித்தூள், ஓரிகானோ எண்ட மண இலை கலந்த கலவை அது. எங்கட வறுத்த தூளில மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் இருக்கு. அதை 3 மேசைக்கரண்டி போட்டால் கறிதான் வரும், வேற ஒண்டும் வராது. சில்லிக்குப் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் கிட்டவும் வரக்கூடாது. தேங்காய்ப்பாலும் வேண்டாம்.

7 பேருக்கான 1 கிலோ இறைச்சிக்கு 20 செத்தல் மிளகாய் எடுத்து, காம்பு முறிச்சு, விதையையும் உள்ளுக்கு இருக்கிற வெளிர் நரம்பையும் வழிச்சு எறியுங்கோ. உறைப்பின் பெரும்பங்கு அந்த நரம்பிலதான். கத்தரிக்கோலால நீளத்துக்கு வெட்டினால் கெதியாய் முடியும், கையுறை போடுங்கோ. வெறும் தாச்சியில சின்ன நெருப்பில பக்கத்துக்கு அரை நிமிசம் சூடாக்குங்கோ. மணம் கிளம்பி நிறம் கொஞ்சம் இருண்டால் இறக்க வேண்டியதுதான். ஒரு மிளகாய் கருகினாலும் முழுச் சட்டியும் கைக்கும், அதை எடுத்து எறிஞ்சு போடுங்கோ. பிறகு சுடுதண்ணியில 20 நிமிசம் ஊறவிட்டு, ஊறின தண்ணியை ஊத்திப்போட்டு, புதுத் தண்ணி அரைக் கோப்பையோட மசிய அரையுங்கோ. மெக்சிக்கோ மிளகாயில சதையும் ஒரு பழ இனிப்பும் இருக்கும், எங்கட செத்தலில அது இல்லை. அதுக்குத்தான் சுட்டுத் தோலுரிச்ச கறிமிளகாய் 3, முந்திரிகை வத்தல் (காய்ஞ்ச திராட்சை) 1 மேசைக்கரண்டி இரண்டையும் சேர்த்து அரைக்கச் சொல்லுறன்.

இனி இறைச்சி. மான் இறைச்சியில கொழுப்பு மிகக் குறைவு, அதனால நீங்கள் ஆட்டுத் தொடையை எலும்பில்லாமல் எடுத்தால் சரியாய் வரும். கடையில பெரும்பாலும் எலும்போடதான் வெட்டித் தருவினம், முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. வெள்ளைச் சவ்வையும் கட்டிக் கொழுப்பையும் சீவி எடுத்திடவேணும். ஆட்டுக் கொழுப்பு ஆறினவுடன மேல்வாயில மெழுகு மாதிரி ஒட்டும். ஒரு அங்குலத் துண்டாய் வெட்டி, தட்டில பரப்பி ஃப்ரீசரில அரை மணித்தியாலம் வைச்சு, கைமெசினில பெரிய கண் தட்டுப் போட்டு ஒரே தரம் அரையுங்கோ. மெசின் இல்லாட்டிக் கத்தியால கொத்துறது நல்லது. கிரைண்டரில எண்டால் கொஞ்சம் கொஞ்சமாய், இரண்டு செக்கன் இரண்டு செக்கனாய் விட்டு விட்டு ஓட்டுங்கோ. கூட ஓடினால் களியாய்ப் போகும், களி அவிஞ்சால் ரப்பர்.

கொத்தின இறைச்சியைக் கழுவ வேண்டாம். மஞ்சள் போட்டுக் கழுவுறது எங்கட பழக்கம்தான், ஆனால் அரைச்சது பஞ்சு மாதிரித் தண்ணியைக் குடிக்கும். நீங்கள் சொன்ன சாம்பல் நிறத்துக்கு அரைவாசிக் காரணம் அதாய்த்தான் இருக்கவேணும். மற்றது, முழு இறைச்சியையும் ஒரேயடியாய்ச் சட்டியில கொட்டினதாய் இருக்கும். கழுவ வேணுமெண்டால் பெரிய துண்டிலயே கழுவித் துணியால ஒத்தி எடுங்கோ.

அரைச்ச இறைச்சிக்கு அப்பச்சோடா முக்கால் தேக்கரண்டியை 2 மேசைக்கரண்டி தண்ணியில கரைச்சு, உப்பு 2 தேக்கரண்டியோட பிசறி 20 நிமிசம் வையுங்கோ. அது தண்ணியை உள்ளுக்கே பிடிச்சு வைக்கும், கெதியாய்ச் சிவக்கவும் செய்யும். அளவு கூடினால் சவர்க்கார ருசி வரும், கைமதிப்பில போடவேண்டாம்.

அகலத் தாச்சியில நல்ல நெருப்பு. எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கொழுப்பில்லாத இறைச்சிக்கு அதில குறைக்காதேங்கோ. இறைச்சியை மூண்டு பங்காய்ப் போடுங்கோ. போட்டுப் பரப்பினால் இரண்டு மூண்டு நிமிசம் அகப்பையைத் தொடவே கூடாது. முதலில தண்ணி விட்டுச் சளசளக்கும். தண்ணி வத்தினதும் சத்தம் மாறிச் சுர்ரெண்டு பொரியும், அப்பதான் பிரட்டவேணும். சட்டியடியில பிடிக்கிற மண்ணிறப் பொருக்கு சில்லியின்ட உயிர், அதைத் தேய்ச்சுக் கழுவிப்போடாதேங்கோ.

அதே தாச்சியில பம்பாய் வெங்காயம் 300 கிராம் வதக்கி, உள்ளி 8 பல்லு, வறுத்துப் பொடிச்ச நற்சீரகம் ஒண்டரை மேசைக்கரண்டி, ஓரிகானோ 2 தேக்கரண்டி. பிறகு அரைச்ச மிளகாயைப் போட்டு எண்ணெய் பிரியும் வரை 5 நிமிசம் வதக்கி, தக்காளி 400 கிராம், தண்ணி 3 கோப்பை விட்டுப் பொருக்கைச் சுரண்டிக் கரைச்சு, இறைச்சியைத் திரும்பப் போடுங்கோ. சின்ன நெருப்பில, மூடியைக் கொஞ்சம் திறந்து வைச்சு ஒண்டரை மணித்தியாலம். அவிஞ்ச பீன்ஸைக் கடைசி அரை மணித்தியாலத்தில போடலாம். பனங்கட்டி ஒரு சின்னத் துண்டு, 10 கிராம் போதும், தக்காளிப் புளிப்பைச் சமப்படுத்தும். உப்பைக் கடைசியில பார்த்துக் கூட்டுங்கோ.

கிணத்தடி:

தாச்சிக்காரி அக்கா இறைச்சியை முடிச்சிட்டா, நான் பீன்ஸுக்கு வாறன். பிழை பீன்ஸில இல்லை, தண்ணியில. யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கல்சியம் கூட. அந்தக் கல்சியம் தோலிலயும் சதையிலயும் பிடிச்சு பீன்ஸை இளக விடாது. தக்காளியோட சேர்த்து அவிச்சிருந்தால் இன்னும் மோசம், புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். சேர்த்து வைச்ச மழைத்தண்ணியிலயோ வடிகட்டின போத்தல் தண்ணியிலயோ 250 கிராம் பீன்ஸை 8 மணித்தியாலம் ஊறவிடுங்கோ. கிணத்துத் தண்ணிதான் எண்டால் லீற்றருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா. வருசக்கணக்காய்க் கடையில கிடந்த பழைய பீன்ஸ் எண்டால் எந்தத் தண்ணியும் உதவாது.

இதைக் கவனமாய் வாசியுங்கோ: ஊறின தண்ணியை ஊத்திப்போட்டு, புதுத் தண்ணியில குறைஞ்சது 10 நிமிசம் தளதளவெண்டு கொதிக்க விடவேணும். சிவப்பு பீன்ஸில இயற்கையாய் ஒரு நஞ்சு இருக்கு. சூடு போதாமல் அரைவேக்காட்டில சாப்பிட்டால் சில மணித்தியாலத்தில சத்தியும் வயித்தோட்டமும் வரும். சின்னச் சூட்டில நாள் முழுக்க வேக வைக்கிற மின்சட்டியில பச்சையாய்ப் போடவே கூடாது. பிரஷர் குக்கர் பிரச்சினை இல்லை.

பீன்ஸ் கிடைக்காட்டி கௌபி போடலாம், கெதியாய் அவியும், ருசியும் பொருந்தும்.

வன்னிக்காடு:

இங்க மான் இறைச்சி தேடி வாறவைக்கு ஒரு சொல். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இலங்கையில புள்ளிமான், மரை கொல்லுறதும் இறைச்சி விற்கிறதும் வைச்சிருக்கிறதும் குற்றம். வத்தலாய்க் காய்ஞ்சிருந்தாலும் அதேதான். வாங்கிறவை நிப்பாட்டினால்தான் சுடுறதும் சுருக்கு வைக்கிறதும் நிக்கும். ஆட்டிறைச்சியில செய்யிறதுதான் சரியான வழி.

தடிப்புக்கு ஒடியல் மா 2 கரண்டி போட்டால் என்ன?

தாச்சிக்காரி:

ஒடியல் மா கூழுக்கு அழகு, இதுக்கு வேண்டாம் தம்பி. அதின்ட கைப்பு மிளகாய்க் கைப்போட சேர்ந்து நிக்கும். மஞ்சள் சோளனை வறுத்து அரைச்ச மா 2 மேசைக்கரண்டியைத் தண்ணியில கரைச்சுக் கடைசிப் பத்து நிமிசத்தில விடலாம். வெள்ளைக் கோர்ன்ஃப்ளவர் இல்லை, அது பளபளவெண்டு சீன சூப் மாதிரி ஆக்கிப்போடும். மா ஒண்டும் இல்லாட்டி ஒரு கை பீன்ஸை மசிச்சு விட்டாலே காணும்.

ஸ்காபரோ அடுப்படி:

உண்மையான மான் இறைச்சி சமைக்கிற கனடா உறவுகளுக்காக எழுதுகிறேன். ஒன்ராறியோவில் வேட்டையாடிய இறைச்சியை விற்க முடியாது. கடையில் இருப்பது பண்ணை மான், வேட்டை இறைச்சி அன்பளிப்பாகத்தான் கைக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. பண்ணை இறைச்சி மென்மையானது, காட்டு மானில் வாடை கூடும். அந்த வாடையின் பெரும்பகுதி கொழுப்பிலும் சவ்விலும் இருக்கிறது. பாலில் ஊறப்போடச் சொல்வார்கள், அதைவிடக் கொழுப்பைச் சீவுவதுதான் பலன் தரும். மானின் சொந்தக் கொழுப்பை எடுத்துவிட்டு, 1 கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேர்த்து அரைப்பார்கள். இரண்டும் சாப்பிடாத வீடென்றால் எண்ணெயைக் கூட்டுங்கள்.

உறைந்த பொதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து இளக்கி, வடியும் இரத்தத் தண்ணீரைக் கடதாசியால் ஒற்றி எடுக்க வேண்டும். அரைத்த மான் இறைச்சி உள்ளே 74 பாகை செல்சியஸ் வரவேண்டும். சில்லியில் அது தானாக வந்துவிடும், ருசி பார்க்கும் அவசரத்தில்தான் தவறு நடக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஈயக் குண்டால் சுட்ட மானில், காயத்துக்கு வெகுதூரம் தள்ளியும் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் சிதறி இருக்கும், அரைக்கும்போது எல்லாவற்றிலும் கலந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டாம். தருபவரிடம் செப்புக் குண்டா, ஈயக் குண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

பீன்ஸ் பற்றி: அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தவர் அதைப் போடவே மாட்டார்கள். அங்கே 1977 முதல் சில்லி மாநில உணவு, அவர்களுக்கு அது இறைச்சியும் மிளகாயும் மட்டும்தான். எனக்கு பீன்ஸோடுதான் பிடிக்கும், அதுவும் கொழுப்பில்லாத இறைச்சிக்கு அந்த மாப்பதம் தேவை.

நல்லூரடி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. ஓரிகானோ இல்லாட்டி என்ன போடலாம்? முதல் நாளே செய்து வைக்கலாமா?

தாச்சிக்காரி:

வேலியோரம் நிக்கிற கற்பூரவள்ளி இலை 3, பொடியாய் அரிஞ்சு கடைசி 15 நிமிசத்தில போடுங்கோ. ஓரிகானோவில இருக்கிற மண எண்ணெயில ஒரு பங்கு அதிலயும் இருக்கு. 3 இலைக்கு மேல போனால் இருமல் மருந்து மணக்கும்.

முதல் நாள் செய்தால் இன்னும் நல்லது, மிளகாயும் சீரகமும் அடங்கி ஒண்டாய்ச் சேரும். ஆனால் எங்கட வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வெளியில விடாதேங்கோ. பெரிய சட்டியோட குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைச்சால் நடுப்பகுதி ஆற நேரம் எடுக்கும், அதுக்குள்ள பழுதாகும். பச்சைத்தண்ணியில சட்டியடியை ஆறவிட்டு, இரண்டங்குல உயரத்துக்குத் தட்டையான ஏனங்களில பிரிச்சு வையுங்கோ. 3 நாளுக்குள்ள முடியுங்கோ. சூடாக்கேக்க அரைக் கோப்பை தண்ணி விட்டு அடிபிடிக்காமல் கிளறி, நல்லாய்க் கொதிக்க விடவேணும். ரோஸ் பாணோட சாப்பிடலாம், ஆனால் குரக்கன் புட்டை உதிர்த்து மேல விட்டுப் பாருங்கோ, குழம்பை இழுத்துப் பிடிக்கும்.

கிணத்தடி:

புட்டுக்கு எண்டால் சோளன் மா விடாமல் கொஞ்சம் தண்ணியாய் இறக்குங்கோ.